குழந்தைக்கு என்ன கொடுப்பது, எப்படி ஊட்டுவது? பிறந்தது முதல் 5 வயது வரை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குழந்தை உணவைப் பற்றிப் பெற்றோர் கேட்கும் கேள்விகள் நூறு விதமாக இருந்தாலும், அவற்றில் பெரும்பாலானவற்றின் அடியில் இருப்பது ஒரே கவலைதான்: "போதுமான அளவு உள்ளே போகிறதா?" இந்தக் கவலை இல்லாத பெற்றோர் இல்லை. ஆனால் அளவையே பார்த்துக்கொண்டிருந்தால், கிண்ணத்தில் என்ன இருக்கிறது என்பதும் அதை எந்த மனநிலையில் ஊட்டுகிறோம் என்பதும் கண்ணில் படாமல் போய்விடுகின்றன. கீழே உள்ள பதில்கள் பலவும் இந்த இரண்டையும் நோக்கியே திரும்பத் திரும்ப வரும்.

முதல் 6 மாதம் தாய்ப்பால் மட்டும் போதுமா? வெயில் காலத்தில் தண்ணீர்கூட வேண்டாமா?

போதும். தண்ணீரும் வேண்டாம். தாய்ப்பாலில் ஏறத்தாழ 87 சதவீதம் நீர்தான். தாகம் எடுக்கும் குழந்தை அடிக்கடி பால் குடித்துத் தன் தேவையைத் தீர்த்துக்கொள்ளும். பச்சிளம் குழந்தையின் சிறுநீரகம் இன்னும் முதிர்ச்சி அடையாதது. தனியாகத் தண்ணீர் கொடுத்தால் வயிறு நிரம்பிப் பால் குறையும். அளவு மீறினால் இரத்தத்தில் சோடியம் தாழ்ந்து வலிப்புவரை போகலாம். முதல் 6 மாதம் தாய்ப்பால் மட்டும், அதன்பின் மற்ற உணவோடு 2 வயது வரையோ அதற்கு மேலோ தாய்ப்பால் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை.

இதில் ஒரு விதிவிலக்கு வைட்டமின் டி. தாய்ப்பாலில் அது மிகக் குறைவு. நாளொன்றுக்கு 400 யூனிட் சொட்டு மருந்தாகக் கொடுக்கும்படி பல நாடுகளின் குழந்தை மருத்துவர்கள் பரிந்துரைக்கிறார்கள். உங்கள் மருத்துவரிடம் முதல் சில வாரங்களிலேயே இதைக் கேட்டுவிடுங்கள்.

தாய்ப்பால் கொடுக்க முடியவில்லை. ஃபார்முலா பால் தயாரிக்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

முதலில், குற்ற உணர்ச்சியை இறக்கி வையுங்கள். பசியாறிய குழந்தையும் நிம்மதியான தாயும்தான் வேண்டும்.

கவனிக்க வேண்டியவை இரண்டு. பால் மாவு கிருமி நீக்கம் செய்யப்பட்ட பொருள் அன்று. அதில் ஆபத்தான கிருமிகள் இருக்க வாய்ப்புண்டு. ஆகவே கொதிக்கவைத்த நீர் 70 டிகிரி செல்சியசுக்குக் கீழே ஆறிவிடும் முன் மாவைக் கலந்து, பிறகு குடிக்கும் சூட்டுக்கு ஆறவிட வேண்டும். அடுத்து, டப்பாவில் சொல்லியிருக்கும் அளவிலேயே கலக்க வேண்டும். சிக்கனம் கருதி நீரைக் கூட்டினால் குழந்தை வயிறு நிறைந்தும் பட்டினி கிடக்கும். மாவைக் கூட்டினால் சிறுநீரகத்துக்குச் சுமை. குடித்து மிஞ்சிய பாலை எடுத்துவைக்காதீர்கள்.

திட உணவைச் சரியாக 6 மாதத்தில்தான் தொடங்க வேண்டுமா?

நாட்காட்டியைப் போலவே குழந்தையையும் பாருங்கள். தலை ஆடாமல் நிற்கிறதா? சாய்மானம் கொடுத்தால் உட்காருகிறதா? கையில் கிடைத்ததைப் பார்த்து, பிடித்து, வாய்க்குக் கொண்டுபோகிறதா? வாயில் வைத்ததை நாக்கால் வெளியே தள்ளாமல் விழுங்குகிறதா? இவை சேர்ந்து வரும் காலம் பெரும்பாலும் 6 மாதத்தை ஒட்டியே இருக்கும். 4 மாதத்துக்கு முன் எக்காரணம் கொண்டும் வேண்டாம். 7 மாதத்தைத் தாண்டித் தள்ளிப் போடுவதும் நல்லதன்று; ஏனென்று அடுத்த பதிலில் இருக்கிறது. குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு எப்போது தொடங்குவது என்பதை மருத்துவரைக் கேட்டு முடிவு செய்யுங்கள்.

இரவில் அடிக்கடி விழிப்பதையும், கையைச் சப்புவதையும் மட்டும் வைத்து "பால் போதவில்லை, சோறு கேட்கிறது" என்று முடிவு கட்டிவிட வேண்டாம்.

முதல் உணவாக எதைக் கொடுப்பது? பழமா, காயா, தானியமா?

வரிசை முக்கியமன்று. பழம் முதலில் கொடுத்தால் காய் பிடிக்காமல் போய்விடும் என்பதற்கும் ஆதாரம் இல்லை. முக்கியமானது இரும்புச்சத்து.

கருவில் இருக்கும்போதே, குறிப்பாகக் கடைசி மூன்று மாதங்களில், தாயிடமிருந்து இரும்பைச் சேமித்துக்கொண்டு குழந்தை பிறக்கிறது. அந்தச் சேமிப்பு ஏறத்தாழ 6 மாதத்தில் தீர்ந்துவிடுகிறது. தாய்ப்பாலில் இருக்கும் இரும்பு நன்றாக உடலில் சேரும் என்றாலும் அளவு மிகச் சொற்பம்: ஒரு லிட்டருக்கு அரை மில்லிகிராம்கூட இல்லை. 7 முதல் 12 மாதக் குழந்தைக்கு அமெரிக்க ஊட்டச்சத்துக் குறிப்புகள் சொல்லும் தேவை நாளொன்றுக்கு 11 மில்லிகிராம். வளர்ந்த ஆணுக்கு அதே குறிப்புகள் சொல்வது 8 மில்லிகிராம்தான். எட்டு கிலோ எடையுள்ள குழந்தைக்கு ஓர் ஆணைவிட அதிக இரும்பு தேவை! இந்த வயதில் மூளை அத்தனை வேகமாக வளர்கிறது. இரும்புக் குறைபாடு நீண்டால் அதன் தழும்பு கற்றலிலும் கவனத்திலும் தங்கிவிடக்கூடும்.

அதனால் திட உணவு தொடங்கிய முதல் மாதத்திலேயே நன்றாக வேகவைத்து மசித்த இறைச்சி, ஈரல் (வைட்டமின் ஏ மிகுதியாக இருப்பதால் வாரம் ஒருமுறை, சிறிதளவு), மீன், முட்டை, பருப்பு, பயறு ஆகியவை கிண்ணத்துக்கு வர வேண்டும். அசைவத்தில் உள்ள இரும்பு எளிதில் உடலில் சேரும். பருப்பிலும் கீரையிலும் உள்ளது அவ்வளவு எளிதில் சேராது. ஆனால் அதே வேளையில் எலுமிச்சை, கொய்யா, தக்காளி, ஆரஞ்சு போன்ற வைட்டமின் சி நிறைந்த ஒன்றைச் சேர்த்தால் நிலைமை கணிசமாக மாறும். ஒரு கரண்டி பருப்பில் இரண்டு சொட்டு எலுமிச்சைச் சாறு என்பது சிறிய காரியம்தான், பலன் சிறியதன்று.

வெறும் அரிசிக் கூழும் வாழைப்பழமும் மட்டுமே மாதக்கணக்கில் ஓடும் வீடுகளைப் பற்றித்தான் எனக்கு உண்மையான கவலை. குழந்தை கொழுகொழுவென்று இருக்கும். உள்ளே இரத்தம் வெளுத்துக்கொண்டிருக்கும்.

ஒரு வேளைக்கு எவ்வளவு, ஒரு நாளைக்கு எத்தனை வேளை?

தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்கு அதற்கு மேல் உணவிலிருந்து தேவைப்படுவது, சராசரியாக, 6–8 மாதத்தில் நாளொன்றுக்கு 200 கலோரி, 9–11 மாதத்தில் 300, ஒரு வயதுக்கு மேல் 2 வயது வரை 550. வேளைக் கணக்கில் சொன்னால் முதலில் 2 அல்லது 3 வேளை. 9 மாதத்திலிருந்து 3 அல்லது 4 வேளை. நடுவில் தேவைப்பட்டால் ஓரிரு சிற்றுண்டி. தொடக்கத்தில் இரண்டு மூன்று கரண்டி, 8 மாதத்துக்குள் அரைக் கிண்ணம், ஒரு வயதை ஒட்டி முக்கால் முதல் ஒரு கிண்ணம் என்று கூடும். இங்கே கிண்ணம் என்பது 250 மில்லி.

இவை சராசரிகள். உங்கள் குழந்தை சராசரி அன்று. என் கருத்தில், கிண்ணத்தின் அளவைவிடக் கெட்டித்தன்மையே அதிகம் பேசப்பட வேண்டியது. குழந்தையின் வயிறு ஒரு கிலோ எடைக்கு ஏறத்தாழ 30 மில்லிதான் கொள்ளும். 8 கிலோ குழந்தைக்கு 240 மில்லி. அந்தச் சிறிய இடத்தை நீர்த்த கஞ்சியும் காய் வேகவைத்த தண்ணீரும் பிடித்துக்கொண்டால் கலோரிக்கும் புரதத்துக்கும் இடம் எங்கே? "வடிகட்டிக் கொடுத்தால்தான் செரிக்கும்" என்று சொல்லிச் சத்தைச் சக்கையென்று கொட்டிவிட்டு நீரை ஊட்டுவது, அன்போடு செய்யப்படும் தவறு. கரண்டியைச் சாய்த்தால் உணவு ஓடி விழக் கூடாது, மெல்ல நழுவ வேண்டும்: அதுதான் சரியான பதம். அதில் ஒரு சிறு கரண்டி எண்ணெயோ நெய்யோ வெண்ணெயோ சேர்ப்பது அளவைக் கூட்டாமல் சக்தியைக் கூட்டும். 2 வயதுக்குள் கொழுப்பைக் குறைக்க வேண்டியதில்லை.

எல்லாவற்றையும் மிக்சியில் அரைத்துக் கொடுக்கலாமா?

முதல் சில வாரங்கள் மட்டும். பிறகு கையால் மசித்தது, 8 மாதத்திலிருந்து விரல்களால் எடுத்துத் தின்னக்கூடிய மென்மையான துண்டுகள், ஒரு வயதில் வீட்டார் சாப்பிடும் அதே உணவு. பல் முளைக்கக் காத்திருக்க வேண்டாம், ஈறுகள் வலுவானவை. 10 மாதம் வரை கட்டிகளே பழகாத குழந்தைகள் பின்னால் மெல்ல மறுப்பதும் உணவைத் துப்புவதும் அதிகம். உணவு தரையிலும் தலைமுடியிலும் அப்பிக்கொள்ளும். ஒரு பழைய துணியை விரித்துவிட்டு விடுங்கள். பிசைந்து, நசுக்கி, முகர்ந்துதான் குழந்தை உணவைத் தெரிந்துகொள்கிறது.

தொண்டையில் சிக்கிக்கொள்ளுமோ என்று பயமாக இருக்கிறது. என்ன செய்வது?

பயம் நியாயமானது. ஆனால் ஓங்கரிப்பையும் அடைப்பையும் பிரித்தறியத் தெரிந்துகொண்டால் பாதிப் பயம் போய்விடும். ஓங்கரிக்கும் குழந்தை சத்தம் போடும், இருமும், முகம் சிவக்கும், கண்ணில் நீர் வரும். பிறகு உணவை முன்னுக்குத் தள்ளிவிடும். அது உடலின் காவல். அப்போது பதறி வாய்க்குள் விரலை விட்டால் வெளியே வரவிருந்தது உள்ளே போய்விடும். மூச்சுக்குழாய் அடைபட்ட குழந்தையோ சத்தமே போடாது. அழ முடியாது, இரும முடியாது, உதடு நீலம் பாரிக்கும்.

அப்படி நேர்ந்தால், ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தையை முகம் கீழ்நோக்கி, தலை தாழ்ந்திருக்குமாறு முன்கையில் கிடத்தி, தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் 5 தட்டு. பிறகு மல்லாத்தி மார்பின் நடுவில் 5 அழுத்தம். அடைப்பு விடுபடும்வரை மாறி மாறிச் செய்ய வேண்டும். ஒரு வயதுக்கு மேற்பட்ட குழந்தைக்கு மார்புக்குப் பதில் மேல்வயிற்றை உள்நோக்கி மேலே அழுத்த வேண்டும். இதற்கிடையே ஒருவர் ஆம்புலன்சை அழைக்கட்டும். குழந்தை மயங்கினால் உயிர்மீட்பு முதலுதவி தேவை. படித்துத் தெரிந்துகொள்வது போதாது. முதலுதவிப் பயிற்சி நடக்கும் இடத்தில் ஒரு நாள் செலவிட்டுக் கையால் பழகிக்கொள்ளுங்கள். குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் ஒவ்வொருவரும் பழக வேண்டும்.

தடுப்பது இதைவிட எளிது. முழுக் கொட்டைகள், முழுத் திராட்சை, பாப்கார்ன், கடின மிட்டாய், பச்சைக் கேரட் துண்டு ஆகியவை 4 வயது வரை வேண்டாம். முழுக் கொட்டைகளை 5 வயது வரை தள்ளிப்போடச் சொல்லும் நாடுகளும் உண்டு. திராட்சையை நீளவாக்கில் நான்காக வெட்டுங்கள், கொட்டைகளைப் பொடித்தோ விழுதாக அரைத்தோ கொடுங்கள். ஓடிக்கொண்டும் படுத்துக்கொண்டும் சிரித்துக்கொண்டும் இருக்கும் குழந்தையின் வாயில் எதையும் வைக்காதீர்கள்.

முட்டை, வேர்க்கடலை, மீன் ஒவ்வாமை வரும் என்கிறார்களே, ஒரு வயது ஆகட்டும் என்று காத்திருக்கலாமா?

காத்திருக்க வேண்டாம். ஒரு காலத்தில் மருத்துவர்களே அப்படித்தான் சொன்னார்கள். அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாதெமி 2000-ஆம் ஆண்டில், ஒவ்வாமை வாய்ப்பு அதிகமுள்ள குழந்தைகளுக்கு 3 வயது வரை வேர்க்கடலை வேண்டாம் என்றது; பலன் தெரியாததால் 2008-இல் அதைக் கைவிட்டது. அதே ஆண்டு கிடியன் லாக் என்ற மருத்துவரின் குழு ஓர் ஒப்பீட்டை வெளியிட்டது: பிரிட்டனில் வாழும் யூதக் குழந்தைகளிடம் வேர்க்கடலை ஒவ்வாமை, இஸ்ரேலில் வாழும் யூதக் குழந்தைகளிடம் இருப்பதைப்போல் ஏறத்தாழ பத்து மடங்கு. இஸ்ரேலில் குழந்தைகள் முதல் ஆண்டிலேயே வேர்க்கடலைத் தின்பண்டம் சாப்பிடுகிறார்கள் என்பதுதான் கண்ணில் பட்ட வேறுபாடு.

அதே குழு அடுத்து 640 குழந்தைகளைக் கொண்டு சோதித்து 2015-இல் முடிவை வெளியிட்டது. கடுமையான தோல் அழற்சியோ முட்டை ஒவ்வாமையோ உள்ள குழந்தைகள் அவர்கள். தொடக்கத் தோல் சோதனையில் வேர்க்கடலைக்கு எதிர்வினை காட்டாதவர்களில், 5 வயது வரை அதைத் தவிர்த்தவர்களில் 13.7 சதவீதம் பேருக்கு ஒவ்வாமை வந்தது. தொடர்ந்து சாப்பிட்டவர்களில் 1.9 சதவீதம் பேருக்கு மட்டுமே. தள்ளிப்போட்டதே தீங்காகியிருந்தது என்று இன்று புரிகிறது.

ஆகவே 6 மாதத்தை ஒட்டி நன்றாக வேகவைத்த முட்டை, கட்டியில்லாமல் குழைத்த வேர்க்கடலை விழுது, மீன், கோதுமை ஆகியவற்றை ஒவ்வொன்றாக, மிகச் சிறிய அளவில், குழந்தை நலமாக இருக்கும் ஒரு நாளில், பகலில் தொடங்குங்கள். ஒத்துக்கொண்டால் வாரந்தோறும் தொடருங்கள். ஒருமுறை கொடுத்து நிறுத்திவிட்டால் பயன் குறையும். உடலெங்கும் தடிப்பு, உதடு வீக்கம், திரும்பத் திரும்ப வாந்தி, மூச்சிரைப்பு வந்தால் உடனே அவசர மருத்துவ உதவி. கடுமையான தோல் அழற்சி உள்ள குழந்தைக்கு மட்டும் மருத்துவரைக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

உப்பு, சர்க்கரை, தேன்?

தேன் ஒரு வயது வரை ஒரு துளிகூட வேண்டாம். அதில் கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்ற கிருமியின் வித்துகள் இருக்கலாம். பெரியவர் குடலில் அடங்கிக் கிடக்கும் அவை குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சை உண்டாக்கித் தசைகளைச் செயலிழக்கச் செய்யும். காய்ச்சினாலும் அந்த வித்துகள் சாவதில்லை. நாக்கில் தடவுவதும் கொடுப்பதுதான்.

உப்பும் ஒரு வயதுக்குள் சேர்க்க வேண்டியதில்லை. பிரிட்டன் சொல்லும் உச்சவரம்பு ஒரு வயதுக்குள் நாளொன்றுக்கு 1 கிராமுக்கும் கீழே, 1–3 வயதில் 2 கிராம். நமக்குச் சப்பென்று இருப்பது குழந்தைக்கு அப்படியில்லை. அதன் நாவு இப்போதுதான் ருசியைக் கற்றுக்கொள்கிறது. குடும்பத்துக்கு உப்பு போடும் முன் ஒரு கரண்டி தனியே எடுத்துவைத்தால் வேலை முடிந்தது. காரமில்லாத நறுமணப் பொருட்கள் தாராளமாகப் போடலாம்.

சர்க்கரையை 2 வயது வரை சேர்க்காமல் இருப்பதே நல்லது. வெல்லம், கருப்பட்டி என்று பெயர் மாறினாலும் அதுவும் சர்க்கரைதான்.

பசும்பால் எப்போது?

சமையலில், தயிராக, 6 மாதத்துக்குப் பின் கொடுக்கலாம். தாய்ப்பாலுக்கு மாற்றாக, முக்கியப் பானமாகக் கொடுப்பதற்கு ஒரு வயது ஆகட்டும் என்கின்றன பல நாடுகளின் வழிகாட்டிகள். தாய்ப்பால் குடிக்காத 6–11 மாதக் குழந்தைக்கு ஃபார்முலாவோ விலங்குப் பாலோ கொடுக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2023 வழிகாட்டி இடம் தருகிறது. ஆனால் அப்போது இரும்புச்சத்துள்ள உணவு கட்டாயம் கூடவே இருக்க வேண்டும்.

ஒரு வயதுக்கு மேல் நாளொன்றுக்கு 350 முதல் 500 மில்லி போதும். அதற்கு மேல் போனால் பாலே வயிற்றை நிரப்பிவிடும். பாலில் இரும்பு மிகக் குறைவு. மற்ற உணவில் உள்ள இரும்பு சேர்வதையும் அது தடுக்கும். "எதுவுமே சாப்பிடவில்லை, பால் மட்டும்தான் குடிக்கிறது" என்று சொல்பவர்கள் முதலில் பாலைக் குறைத்துப் பாருங்கள். காரணமும் விளைவும் இடம் மாறி நிற்கின்றன. 2 வயது வரை கொழுப்பு நீக்காத பாலே வேண்டும்.

வளரும் குழந்தைக்கென்று விற்கப்படும் தனி இனிப்புப் பால் மாவுகள் தேவையில்லை.

பழச்சாறு, தேநீர், குளிர்பானம்?

பழச்சாறு ஒரு வயது வரை வேண்டாம். அதன்பின் 3 வயது வரை அதிகபட்சம் 120 மில்லி. பழமாகவே கொடுக்க முடியும்போது சாறு எதற்கு? தேநீரும் காபியும் இரும்பைக் கட்டிப்போடும், வேண்டாம். குளிர்பானம் அறவே வேண்டாம். தாகத்துக்குத் தண்ணீர், 6 மாதத்திலிருந்து உணவோடு சிறு குவளையில் பழக்கலாம். புட்டியில் பாலோ சாறோ வைத்துக்கொண்டு தூங்கும் பழக்கம் பால் பற்களைச் சொத்தையாக்கும். விழுந்து முளைக்கும் பல்தானே என்று விட்டுவிடாதீர்கள், அந்த வலியில் குழந்தை மெல்லவே மறுக்கும்.

ஒரு வயது வரை நன்றாகச் சாப்பிட்ட குழந்தை இப்போது வாயைத் திறப்பதே இல்லை. ஏன்?

இந்தக் கேள்வியைக் கேட்கும் குரல்களில்தான் அதிகச் சோர்வு தெரிகிறது. ஆகவே கணக்கைப் பார்ப்போம். 3 கிலோவாகப் பிறந்த குழந்தை 5 மாதத்தில் 6 கிலோ ஆகிறது, ஒரு வயதில் 9 கிலோ. முதல் ஆண்டில் 6 கிலோ ஏறியது. இரண்டாம் ஆண்டில் ஏறுவது இரண்டு, இரண்டரை கிலோதான். முன்பிருந்த வேகத்தில் வளர்ச்சி இல்லை. ஆகவே எடைக்கேற்றபடி முன்பிருந்த பசியும் இல்லை. உடம்பு சரியாகத்தான் வேலை செய்கிறது. நாம் பழைய வேகத்தையே எதிர்பார்த்துக் கரண்டியோடு துரத்துகிறோம்.

இந்த வயதுக் குழந்தை ஒரு வேளை கொட்டிக்கொள்ளும், அடுத்த வேளை தொடவே தொடாது. ஒரு தட்டைப் பார்க்காதீர்கள், ஒரு வாரத்தைப் பாருங்கள்.

புதிய உணவு எதையும் தொடுவதில்லை. ஒரே பண்டத்தைக் கேட்கிறது.

இரண்டு வயதிலிருந்து புதியதை அஞ்சுவது இயல்பு. நடக்கக் கற்ற குழந்தை கண்டதையும் வாயில் போட்டுக்கொள்ளாமல் இருக்க இயற்கை வைத்த வேலி அது என்று கருதுபவர்கள் உண்டு. வேலியைத் தாண்டப் பொறுமை வேண்டும். ஓர் உணவு பழக 8 முதல் 15 தடவைகூடப் பார்க்கவும் தொடவும் சுவைக்கவும் வேண்டியிருக்கும். பெரும்பாலான வீடுகளில் மூன்றாவது மறுப்பிலேயே "அவளுக்குப் பிடிக்காது" என்று எழுதி மூடிவிடுகிறோம். மிகச் சிறிய துண்டாக, பிடித்த ஒன்றின் பக்கத்தில் வைத்து, ஒன்றும் சொல்லாமல் விட்டுவிடுங்கள். நீங்களும் அதையே ரசித்துச் சாப்பிடுங்கள். நாளை மறுநாள் மறுபடி வையுங்கள்.

கிளாரா டேவிஸ் என்ற குழந்தை மருத்துவர் 1920-களின் பிற்பகுதியில் ஓர் ஆய்வைத் தொடங்கினார். பால் மறக்கும் பருவத்தில் இருந்த 15 குழந்தைகள். 34 வகை எளிய உணவுகள். எதை வேண்டுமானாலும், எவ்வளவு வேண்டுமானாலும் அவர்களே தேர்ந்தெடுக்கலாம். செவிலியர் சாப்பிடச் சொல்லி வற்புறுத்தவோ பாராட்டவோ கூடாது. ஒரு குழந்தை காலையில் ஆரஞ்சுச் சாறும் ஈரலும், இன்னொரு வேளை முட்டைகளும் வாழைப்பழமும் பாலும் என்று நமக்கு விசித்திரமாகத் தோன்றும் சேர்க்கைகள். ஆனாலும் எல்லாக் குழந்தைகளும் நன்றாக வளர்ந்தார்கள் என்று 1939-இல் அவர் எழுதினார். கவனிக்க வேண்டியது, அந்த 34 உணவுகளில் சர்க்கரைப் பண்டம் ஒன்றுகூட இல்லை. குழந்தைக்குத் தேர்வுரிமை இருந்தது. தேர்வுப் பட்டியல் பெரியவர் கையில் இருந்தது.

போனைக் காட்டினால்தான் சாப்பிடுகிறது. வேறு வழி?

எல்லின் சாட்டர் என்ற அமெரிக்க உணவியலாளர் பொறுப்பை இரண்டாகப் பிரித்தார்: என்ன உணவு, எப்போது, எங்கே என்பது பெற்றோர் வேலை, சாப்பிடுவதா, எவ்வளவு என்பது குழந்தையின் வேலை. நான் கண்டவரையில், சாப்பாட்டு நேரத்துச் சண்டைகளில் பெரும்பகுதி இந்தக் கோட்டை ஒருவர் தாண்டும்போது தொடங்குவதே. திரையைப் பார்த்தபடி விழுங்கும் குழந்தைக்கு வயிறு நிறைந்தது தெரிவதில்லை, பசியும் தெரிவதில்லை. "இன்னும் மூன்று வாய்" என்று கெஞ்சுவதும், காயைத் தின்றால் மிட்டாய் என்று பேரம் பேசுவதும் அதே வகைதான். பேரத்தில் காய் தண்டனையாகவும் மிட்டாய் பரிசாகவும் மாறிவிடுகிறது.

மாற்றுவது கடினம்தான். ஆனால் முடியும். வேளைகளை ஒழுங்குபடுத்தி, நடுவில் கொறிப்பதை நிறுத்தி, எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து, 20–30 நிமிடத்தில் தட்டை எடுத்துவிடுங்கள். தலையைத் திருப்பினால், வாயை மூடினால், தள்ளினால் அதுதான் "போதும்" என்ற சொல். முதல் சில நாட்கள் குறைவாகச் சாப்பிடும். நோயில்லாத, எடை சரியாக உள்ள குழந்தைக்கு அதனால் கெடுதல் வராது.

அசைவம் சாப்பிடாத வீட்டில்?

பால், தயிர், முட்டை உண்டென்றால் சிரமமில்லை; பருப்பு, பயறு, கொட்டை விழுது, எள், கீரை ஆகியவற்றை வைட்டமின் சி உள்ள பழத்தோடு தினமும் கொடுங்கள். விலங்கிலிருந்து வரும் எதையுமே தொடாத குடும்பமென்றால் வைட்டமின் பி12 மருந்தாகவோ செறிவூட்டிய உணவாகவோ கட்டாயம் வேண்டும். பாலூட்டும் தாய்க்கும் வேண்டும்: தாயிடம் இல்லாதது பாலில் வராது, பி12 குறைந்த குழந்தையின் நரம்பு மண்டலம் பாதிக்கப்படும். இதில் தயக்கம் வேண்டாம்.

காய்ச்சல், வயிற்றுப்போக்கின்போது உணவை நிறுத்த வேண்டுமா?

நிறுத்தக் கூடாது. தாய்ப்பாலை அடிக்கடி கொடுங்கள். உணவைச் சிறிது சிறிதாகப் பல தடவை கொடுங்கள். வயிற்றுப்போக்குக்கு ஓ.ஆர்.எஸ். கரைசலும், மருத்துவர் சொல்லும் துத்தநாக மருந்து 10 முதல் 14 நாளும் தேவை. குணமான பின் இரண்டு வாரம் நாளுக்கு ஒரு வேளை கூடுதலாகக் கொடுத்தால் இழந்த எடை திரும்பும்.

சமைத்ததை எவ்வளவு நேரம் வைத்திருக்கலாம்?

வெளியே 2 மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். 5 முதல் 60 டிகிரி செல்சியஸ் வரை கிருமிகள் வேகமாகப் பெருகும். பரிமாறும் முன்னரே பகுதி பிரித்துக் குளிர்பதனப் பெட்டியில் வையுங்கள், எடுத்துச் சூடாக்கினால் ஆவி பறக்கச் சூடாக்கி ஆறவிடுங்கள், ஒரு தடவைக்கு மேல் சூடாக்காதீர்கள். எச்சில் கரண்டி பட்ட மிச்சம் குப்பைக்கே. எல்லாவற்றுக்கும் முன் சோப்பால் கை கழுவுங்கள், குழந்தையின் கையையும்.

பக்கத்து வீட்டுக் குழந்தையைவிட என் குழந்தை ஒல்லி. எப்போது மருத்துவரிடம் போக வேண்டும்?

பக்கத்து வீட்டுக் குழந்தையை விட்டுவிட்டு வளர்ச்சி வரைபடத்தை எடுங்கள். உலக சுகாதார நிறுவனம் 2006-இல் வெளியிட்ட வரைபடம் பிரேசில், கானா, இந்தியா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய 6 நாடுகளின் குழந்தைகளை அளந்து தயாரித்தது. நல்ல உணவும் சுகாதாரமும் கிடைத்தால் எல்லா மண்ணிலும் குழந்தைகள் ஏறத்தாழ ஒரே விதமாக வளர்கிறார்கள் என்பதை அது காட்டியது. அதில் உங்கள் குழந்தையின் கோடு கீழே இருந்தாலும், தன் பாதையில் சீராக ஏறினால் பெரும்பாலும் நலமே. கோடு படுத்துவிட்டாலோ, ஒரு பாதையிலிருந்து கீழ்ப்பாதைக்குச் சரிந்தாலோ தாமதிக்க வேண்டாம்.

6 மாதம் முதல் 5 வயது வரை மேல்கையின் நடுப்பகுதிச் சுற்றளவு 12.5 சென்டிமீட்டருக்குக் கீழே இருந்தால் ஊட்டச்சத்துக் குறைபாடு, 11.5-க்குக் கீழே இருந்தால் அது கடுமையானது, அன்றே மருத்துவ உதவி தேவை. இரண்டு பாதமும் அழுத்தினால் குழி விழும்படி வீங்கியிருந்தாலும் அப்படியே. கைச்சுற்றளவை அளக்க ஒரு நாடா போதும், அரை நிமிடம் போதும்.

வெளுத்த உள்ளங்கை, எப்போதும் சோர்வு, மண்ணையோ சுண்ணாம்பையோ தின்னும் ஆசை இருந்தால் இரத்தசோகைக்கான பரிசோதனை செய்யச் சொல்லுங்கள். விழுங்கும்போதெல்லாம் இருமல் வந்தாலோ, பேசவும் நடக்கவும் கற்றதை மறந்தாலோ, 6 மணி நேரமாகச் சிறுநீர் கழிக்காவிட்டாலோ அடுத்த சந்திப்பு நாள்வரை காத்திருக்காதீர்கள், அன்றே போங்கள்.